பின்பக்கம் எழுதாத படம்

6 ஜூன் 1983, திங்கள்

ஃபிலிம் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதம் அலமாரியில் தூங்கியது. இன்று உருப்படியாக ஒரு வேலை வந்ததால் எடுத்தேன். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துப் பிழைக்கிறவனுக்குப் புத்தகத்தில் அச்சாகிற வேலை எப்போதாவதுதான் வாய்க்கிறது.

மண்ணச்சநல்லூர் போகிற வழியில் முதியோர் இல்லம் ஒன்று திறந்திருக்கிறார்கள். நிர்வாகி ஜம்புலிங்கம் காலையில் ஸ்டூடியோவுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. விளம்பரத்துக்குச் சின்னப் புத்தகம் போடுகிறாராம், ஆறு படம் வேண்டுமாம்.

"ரூமெல்லாம் கொஞ்சம் அடக்கமா இருக்கும் சார். படத்துல பாக்கிறவங்களுக்கு மூச்சு முட்டக் கூடாது" என்றார்.

எனக்குப் புரிந்தது. மூச்சு முட்டாமல் எடுக்க என்னிடம் ஒரு வழிதான் உண்டு. அண்ணனுடைய மடக்குக் கேமராவும் அதன் தொண்ணூறு மில்லிமீட்டர் அகல லென்ஸும். அண்ணன் வைத்திலிங்கம் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கேமராவை நான்தான் வைத்திருக்கிறேன், ஆனால் எப்போதும் நூற்றைம்பது லென்ஸ்தான் போடுவேன். அகல லென்ஸ் டப்பாவைத் திறந்ததே இல்லை.

சாயங்காலம் அண்ணியின் அறையில் வைத்துப் பழகினேன். சின்ன அறை வேண்டும் என்பதால் அங்கே. வேறு காரணம் இல்லை. படாத பாடு படுத்திவிட்டது. இந்த லென்ஸ் ஃபிலிமுக்கு ரொம்பக் கிட்டே போக வேண்டும், அதனால் கேமராவின் மடிப்புத் துருத்தி அப்பளக் கட்டாக ஒட்டிக்கொண்டு, லென்ஸ் மாட்டின முன்சட்டத்தை நகரவிட மாட்டேன் என்கிறது. பின்னால் படம் தெரிகிற கண்ணாடியில் நடுவில்தான் வெளிச்சம், மூலைகள் நாலும் இருட்டு. கறுப்புத் துணிக்குள் அரை மணி வியர்த்துக்கொட்டி ஒரு படம் எடுத்தேன்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "தம்பி, பலகையைக் கீழ இறக்கினியா?" என்றார்.

"அதெல்லாம் தெரியும் அண்ணி" என்றேன்.

கழுவிப் பார்த்தால் படத்தின் அடியில் கேமராவின் அடிப்பலகையே குறுக்கே விழுந்திருக்கிறது. பலகையைக் கீழே சாய்க்காவிட்டால் இந்த லென்ஸ் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுமாம். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் என்பதால் பலகை மேல்பக்க இருட்டில் ஒளிந்திருந்திருக்கிறது. அண்ணன் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அண்ணியும் கிளிப்பிள்ளையாகச் சொல்கிறார். இருபது வருஷம் அண்ணனுக்கு இருட்டில் ஹோல்டர்களில் ஃபிலிம் போட்டுக் கொடுத்தவர். கை வேகம் உண்டு. மற்றபடி லென்ஸைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

ஒன்று கவனித்தேன். அண்ணியின் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. சுவரை ஒட்டியே தண்ணீர்க் குழாய். மாடிப்படிக்கு அடியில் குனிந்து குனிந்து பிரிண்ட் போடுகிற எனக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா.

9 ஜூன், வியாழன்

இல்லத்தில் படம் எடுத்து முடித்தேன். தோட்டம், சமையல்கூடம், பூஜை இடம் எல்லாம் நூற்றைம்பதிலேயே ஆயிற்று. கடைசியாக அறை. பதினோரடிக்கு எட்டரை. அளந்து பார்த்தேன்.

கதவைக் கழற்றிவிட்டு வாசற்படியில் கேமரா முக்காலியை வைத்துப் பலகையை மறக்காமல் இறக்கினேன். இறக்கினதும் லென்ஸ் சட்டம் தரையைப் பார்க்கிறது. அதை நிமிர்த்தி, சாய்வு பார்த்து, லூப் பூதக்கண்ணாடியை வைத்து ஓரம் ஓரமாகச் சரிபார்க்க முக்கால் மணி ஆயிற்று. ஆனால் அந்தக் கண்ணாடியில் தெரிந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் துணியை விட்டு வெளியே வரவே மனமில்லை. எட்டரையடி அறை, சின்னக் கல்யாண மண்டபம் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. ஜன்னல் எங்கோ தூரத்தில். ஒரே ஒரு கட்டில், அதைச் சுற்றி நாலு பேர் கும்மியடிக்கலாம்.

அறை மொட்டையாகத் தெரியக் கூடாது என்று வீட்டிலிருந்து பூப்போட்ட விரிப்பும் அண்ணியின் பித்தளைக் குடமும் கொண்டுபோயிருந்தேன். குடத்தைத் துலக்கி வலது ஓரத்தில் வைத்தேன். வெளிச்சம் பட்டு நன்றாக இருந்தது.

வராந்தாவில் இரண்டு கட்டில்களைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். ரிப்பேருக்காக இருக்கும். பக்கத்தில் இரண்டு அம்மாக்கள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை.

10 ஜூன், வெள்ளி

பிரிண்ட் போட்டேன். மாடிப்படி அடியில் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஜம்புலிங்கம் படத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ரூமா சார் இது" என்று இரண்டு தடவை கேட்டார்.

அந்த அறைப் படத்தில் ஒரு பிரிண்ட் கூடுதலாகப் போட்டது உண்மை. காய்வதற்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மேசையில் காற்று வரும்.

பின்பக்கம் எழுதவில்லை. அண்ணன் எந்தப் பிரிண்டானாலும் பின்னால் பென்சிலால் லென்ஸ், வெளிச்சம் நுழைகிற துளையின் அளவு, எத்தனை நொடி, தேதி நாலையும் எழுதாமல் வீட்டுக்குள் வைக்க மாட்டார். குழந்தைக்கு மொட்டை போட்ட படமானாலும் எழுதுவார். நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவன்தான். இன்று களைப்பு.

11 ஜூன், சனி

அண்ணி படத்தைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "எந்த லென்ஸ் தம்பி?" என்றார். நூற்றைம்பது என்றேன். மத்தியானம் வத்தக்குழம்பு.

19 ஜூன், ஞாயிறு

நானும் மனைவி செண்பகமும் அண்ணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணி மோரை ஊற்றிக்கொண்டே, "நான் அந்த இல்லத்துல போய் இருக்கலாம்னு பாக்கிறேன்" என்றார்.

செண்பகத்தின் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. "என்னக்கா இது? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரு சொல்லப்போறா. ரூம் பெருசா இருக்கு, காத்து வருது, பக்கத்துல கோயில் இருக்கு. தம்பிதான் நேர்ல பாத்திருக்கே. நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"நல்ல இடம்தான்" என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? போகாதீர்கள் என்றும் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

பெரியவர்கள் ஒரு முடிவு எடுத்தால் அதில் நாம் குறுக்கே நிற்கக் கூடாது. செண்பகத்துக்கும் கொஞ்சம் இடம் தாராளமாகும். வாயைத் திறந்து கேட்க மாட்டாளே தவிர அவளுக்கும் மனதில் இருக்கத்தானே செய்யும்.

27 ஜூன், திங்கள்

அண்ணி போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, பித்தளைக் குடம். வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்ஸியில் நானும் செண்பகமும் போனோம். எனக்குப் பதினோரு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் கேட்டிலேயே இறங்கி விடைபெற்றேன். செண்பகம் உள்ளே போய்விட்டு வந்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நிச்சயதார்த்தம் பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பித்தது.

2 ஜூலை, சனி

என்லார்ஜரை அண்ணியின் அறைக்கு மாற்றினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. குழாயிலிருந்து தொட்டிக்கு ரப்பர் டியூப். நிமிர்ந்து நின்று பிரிண்ட் போடுகிறேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. மூன்று மணி நேரத்தில் எண்பது பாஸ்போர்ட் படம். முதுகு வலிக்கவில்லை.

அறையில் மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. ஹைப்போ மருந்து வாசனை ஏறினால் போய்விடும்.

14 ஜூலை, வியாழன்

திலகவதியிடமிருந்து இன்லண்ட் லெட்டர். அண்ணன் மகள், ஒரே மகள். பொக்காரோவில் புருஷனுக்கு எஃகு ஆலையில் வேலை. ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ், மாமியாரும் கூடவே. ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவள் எழுதியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"அம்மா எழுதுகிற கடிதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே இருக்கிறது. அம்மாவுக்கு எப்போதுமே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சித்தப்பா, நீங்கள் அந்த அறைக்குள் போய்ப் பார்த்தவர். உள்ளது உள்ளபடி எழுதுங்கள். இடம் சரியில்லை என்றால் இங்கே யாரோடு சண்டை போட்டாவது அம்மாவை நான் கூட்டிக்கொள்கிறேன். நீங்கள் எழுதுவதை நம்பித்தான் இருக்கிறேன்."

இரண்டு நாளில் எழுத வேண்டும்.

17 ஜூலை, ஞாயிறு

எழுதவில்லை.

22 ஜூலை, வெள்ளி

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. 'அன்புள்ள திலகவதிக்கு' என்று ஆரம்பித்து, இங்கு அனைவரும் நலம் வரைக்கும் போனேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

29 ஜூலை, வெள்ளி

எழுதவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

3 ஆகஸ்ட், புதன். ஆடிப் பதினெட்டு

காவேரி முழுக்கக் கூட்டம். வருஷா வருஷம் அண்ணிதான் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று கலந்த சாதம் செய்து எல்லோரையும் படித்துறைக்குக் கிளப்புவார். இந்த வருஷம் செண்பகம் செய்து, நாலு அடுக்குத் தூக்கில் போட்டு, "நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்று என் கையில் கொடுத்தாள். அவள் குரலில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஏறினேன்.

ஐந்து வாரத்தில் இன்றுதான் அந்த அறைக்குள் போகிறேன். மூன்று கட்டில்கள். இரண்டு பக்கச் சுவரை ஒட்டி இரண்டு, ஜன்னலுக்கு அடியில் ஒன்று. நடுவில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் கட்டிலில் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அண்ணியின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில். குடம் தலைமாட்டில். அன்றைக்கு வராந்தாவில் தலையணையோடு உட்கார்ந்திருந்த அதே இரண்டு அம்மாக்கள். ஒருவர் ராஜாமணி அம்மாள், என்னைப் பார்த்து, "நீங்கதானே அன்னிக்குப் படம் எடுத்தவர்?" என்றார். ஆமாம் என்றேன். "எங்களை வெளியில உக்கார வெச்சிட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கட்டில்கள் ரிப்பேருக்கு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அது பொய். அன்றைக்கே தெரியும். ஜம்புலிங்கம் என் முன்னால்தான் அந்தக் கட்டில்களை வெளியே எடுக்கச் சொன்னார். ஒரு கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கிக்கொடுத்தது நான்.

அண்ணி இளைத்துத்தான் இருக்கிறார். சாதத்தை மூன்று பேருக்கும் பகிர்ந்து வைத்தார். எலுமிச்சைக்கு உப்பு குறைவு என்றார். போகும்போது வராந்தாவரை வந்தார்.

"திலகா உனக்கு எழுதினாளா?"

"எழுதினா அண்ணி."

"பதில் போட்டியா?"

"இல்ல."

"அதான் எனக்கு வாரம் ஒண்ணு எழுதுறா. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, அங்க இருக்கிற ஒத்த ரூம்ல நானும் போய் எங்க படுக்கிறது? நீ ஞாயித்துக்கிழமை கேமராவைக் கொண்டுவா. இந்த ரூம்ல என்னை வெச்சு ஒரு படம் எடு. அவளுக்கு அனுப்பிடலாம். பாத்தா நிம்மதியாயிடுவா."

சரி என்று தலையாட்டினேன். கேட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகு, "அந்தத் தொண்ணூறைக் கொண்டுவா" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த டைரியில் இதற்கு முன் அப்படி எழுதவில்லை.

ராஜாமணி அம்மாளும் இன்னொருவரும் தாங்களாகவே எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். பழகிவிட்டது அவர்களுக்கு. இரண்டு கட்டிலையும் நானும் தோட்டக்காரரும் வெளியே தூக்கி வைத்தோம். இன்றைக்கு அதன் கனம் தெரிந்தது.

வாசற்படியில் முக்காலி. கேமராவைத் திறந்து, தொண்ணூறை மாட்டி, துணிக்குள் தலையை விட்டேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்தார், கண்ணாடியில் தலைகீழாக, ரொம்பச் சின்னதாக, ரொம்பத் தூரத்தில். நான் ஓரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்தது தெரிந்தது. வலது ஓரத்தில் நான் வைத்திருந்த குடத்தை எடுத்து, நடுவில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஓரத்துல வெச்சா முட்டையா இழுத்துக்கும் தம்பி. அன்னிக்கு அப்படித்தான் இழுத்திருந்துச்சு."

நான் துணியை விட்டு வெளியே வரவில்லை. வந்தால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"என் குடம் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா இடுப்புல சுமந்தது. உருண்டையான குடம் சப்பையா ஒரு பக்கமா நீண்டு கெடக்குதேன்னு பாத்தேன். திருப்பினேன், பின்னாடி ஒண்ணும் எழுதல. உங்க அண்ணன் வீட்டுல எழுதாத படம் ஒண்ணு மேசைக்கு வருமா? அதான் எந்த லென்ஸுன்னு கேட்டேன்."

"நான் நூத்தம்பதுன்னு சொன்னேன்" என்றேன், துணிக்குள்ளிருந்தே.

"சொன்ன."

"பொய்னு தெரிஞ்சும் ஏன் அண்ணி வந்தீங்க?"

வராந்தாவில் ராஜாமணி அம்மாள் இருமுவது கேட்டது.

"அதனாலதான் வந்தேன். எனக்குக் கல்யாணமாகி வந்தப்ப உனக்குப் பதினாலு வயசு. என்ன வேணும்னாலும் எங்கிட்டதான் வந்து கேப்ப. அந்த ரூம் வேணும் அண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மாடிப்படிக்குப் பக்கத்துல ஒரு பாயைப் போட்டுக்கிட்டு நான் கெடந்திருப்பேன். நீ கேக்கல. படம் எடுத்து, பின்னாடி எழுதாம, நான் சாப்பிடுற எடத்துல வெச்ச. அவ்வளவு தூரம் போன பிறகு நான் அங்க எப்படித் தம்பி உக்காந்து சாப்பிடுவேன்?"

துணிக்குள் மூச்சு முட்டியது. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன்.

"சரி, எடு. வெளியில அவங்க எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க" என்றார் அண்ணி. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் ஹோல்டரைச் சொருகினேன். துளை 22, நாலு நொடி. நாலு நொடியும் அவர் சிரித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கிளம்பும்போது சொன்னார். "போன தடவை மாதிரியே, இதுக்கும் பின்னாடி ஒண்ணும் எழுதாதே. அவ அப்பா பொண்ணு. மொதல்ல திருப்பித்தான் பாப்பா. தொண்ணூறுன்னு பாத்தா புரிஞ்சுக்குவா, ஒண்ணுமில்லேன்னா நீ மறந்துட்டேன்னு நெனச்சுக்குவா."

8 ஆகஸ்ட், திங்கள்

படம் நன்றாக வந்திருக்கிறது. அதுதான் கொடுமை. அறை விசாலமாக, குடம் உருண்டையாக, அண்ணி ராணி மாதிரி. எந்த மகளும் நிம்மதியாகிவிடுவாள். நானும் தப்பித்துவிடுவேன்.

செண்பகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உனக்கு இடம் தாராளமாகட்டும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கா? நான் எப்பங்க கேட்டேன்?" என்றாள். "அக்கா போன அன்னிக்கு உள்ள போய்ப் பாத்துட்டு வந்தேன். நீங்களே கேப்பீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க கேக்கவேயில்ல."

காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். எடுத்துக்கொண்டு போனது தெரியாமல் போனாளா, தெரிந்தே போனாளா என்று எனக்குத் தெரியாது.

9 ஆகஸ்ட், செவ்வாய்

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி ஒரே ஒரு விஷயம்தான் என்னிடம் கேட்டார், எழுதாதே என்று. எழுதினால் அவர் பேச்சை மீறியவன். எழுதாவிட்டால் மறுபடியும் அதே படத்தை இன்னொருத்தியின் மேசையில் வைத்தவன்.

எழுதினேன். லென்ஸ் 90. துளை 22. 4 நொடி. 7.8.83. அண்ணன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல் கீழே இன்னும் எழுதினேன். அறை பதினோரடிக்கு எட்டரை. மூன்று பேர். இரண்டு கட்டில்களைப் படத்துக்காக வெளியே எடுத்தது நான். உன் அம்மாவை இங்கே வரவழைத்ததும் நான். நீ கிளம்பி வராதே, இந்த உடம்போடு ரயில் ஏறாதே. அம்மாவை நானே வீட்டுக்குக் கூட்டி வருகிறேன்.

பெரிய தபாலாபீசுக்கே போய்ப் போட்டேன். தெருப்பெட்டியில் போட்டால், மனசு மாறித் தபால்காரர் வருகிறவரை அங்கேயே நின்று திரும்பக் கேட்டு வாங்கிவிடுவேன் என்று பயம்.

10 ஆகஸ்ட், புதன்

என்லார்ஜரை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோனேன். கறுப்புத் துணியை அவிழ்த்தேன். தொட்டி வைத்த இடத்தில் தரை கறை பிடித்திருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. செண்பகம் ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் கழுவினோம். அவள் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். அவள் பேசியது ஒன்றுதான். "சுண்ணாம்பு அடிக்கணும்."

12 ஆகஸ்ட், வெள்ளி

இல்லத்துக்குப் போனேன்.

"எழுதிட்டேன் அண்ணி" என்றேன்.

அண்ணிக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. சத்தம் போடவில்லை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "நான் சொன்னேன்ல? ஏழு மாசம் தாண்டின பொண்ணு. அழுதுக்கிட்டு உக்காந்திருப்பா. உன் மனசு லேசாகணும்னு அவ மனசுல ஏத்திட்டியா?"

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருந்தாலும் சொன்னேன். "ரூமைக் காலி பண்ணிட்டேன் அண்ணி. சுண்ணாம்பு அடிச்சாச்சு. உங்க கட்டிலைப் பழைய எடத்துலயே போட்டாச்சு. வீட்டுக்கு வாங்க."

"போன தடவை ஒரு படத்தைப் பாத்துட்டு இங்க வந்தேன்" என்றார் அண்ணி. "இப்ப எதைப் பாத்துட்டு அங்க வரச் சொல்ற?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ராஜாமணி அம்மாள் என்னைப் பார்த்து, போய்விட்டு அப்புறம் வா என்று கையைக் காட்டினார்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அண்ணியின் அறையைப் படம் எடுத்தேன். நூற்றைம்பது லென்ஸ். துருத்தி தாராளமாக விரிந்தது, சட்டம் சொன்ன பேச்சைக் கேட்டது. அறைதான் அடங்கவில்லை. வாசலில் வைத்தேன், கட்டிலின் பாதிதான் வந்தது. பின்னால் நகர்ந்து கூடத்துச் சுவரில் முதுகு இடிக்கும்வரை போனேன். அப்போது கதவு நிலை இரண்டு பக்கமும் மறைத்தது. ஜன்னல், முக்கால் கட்டில், ஆணியில் மாட்டின முருகன் காலண்டர், கறை பிடித்த தரை. அவ்வளவுதான் வந்தது. எதையும் நகர்த்தவில்லை, எதையும் கொண்டுவந்து வைக்கவும் இல்லை.

கறையை ரீடச் செய்து எடுத்துவிடலாம். பிரஷைக்கூட எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மாடிப்படி அடியில் குனிந்து பிரிண்ட் போட்டேன். இடுப்பு வலித்தது.

15 ஆகஸ்ட், திங்கள்

இல்லத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜம்புலிங்கம் கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த புத்தகத்துக்கும் நான்தான் எடுக்க வேண்டுமாம். "இனிமே நீங்க ஆளுங்களை வெளியில உக்கார வெச்சா, நான் அவங்களையும் சேத்துதான் எடுப்பேன்" என்றேன். அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டார்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து ராஜாமணி அம்மாளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் படத்தை நீட்டினேன்.

சீப்பைக் கீழே வைத்துவிட்டு வாங்கினார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். லென்ஸ் 150. துளை 16. 2 நொடி. 14.8.83. அறை பத்தடிக்கு ஒன்பது. தரையில் கறை, நான் செய்தது. ஒவ்வொரு எழுத்தாக, விரலை ஓட்டிப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் ஆரம்பத்திலிருந்து படித்தார்.

பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

"ரூமே பாதிதான் தெரியுது."

"அதுல அவ்வளவுதான் அண்ணி வரும்."

"தெரியும்" என்றார்.

ராஜாமணி அம்மாளுக்குப் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டார். அந்த அம்மாள் திரும்பி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தார். அண்ணியும் கையை இழுக்கவில்லை. நான் வாசற்படியில், அன்றைக்கு முக்காலி வைத்த இடத்தில் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி எழுந்து படத்தை ஒரு மடித்த புடவைக்குள் வைத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"பெட்டியை ஆளு யாராச்சும் தூக்கட்டும். குடத்தை நீ தூக்கிக்கிட்டு வா."